பதினாலு சுற்று டேப்

1. பதினொன்றே கால்

சிதம்பரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு கண் மருத்துவமனை. தரையில் நின்றபடி, நீண்ட கம்பத்தின் நுனியில் இருக்கும் பிரஷ்ஷால் அதன் மூன்றாம் மாடிக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தண்ணீர் நின்றுவிட்டது. மணி பதினொன்றே கால்.

மறுநாள் காலை திறப்பு விழா. நாங்கள் கழுவிக்கொண்டிருந்த அன்றே பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட ஆரம்பிப்பார்கள். பந்தல் எழும்பிவிட்டால் எங்கள் கம்பத்தை நிமிர்த்த இடம் இருக்காது. அதற்குள் முகப்புக் கண்ணாடி முழுவதையும் முடித்தாக வேண்டும். கால்வாசிதான் முடிந்திருந்தது.

பந்தல்காரர் கோதண்டம் சவுக்குக் கால்களை லாரியிலிருந்து இறக்கி அடுக்கிவிட்டு, அவற்றின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். எங்களைத் தவிர அவருக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

“என்னா தலைவரே, நின்னுபோச்சா?” என்றார்.

“நிக்கல. கொஞ்சம் மூச்சு வாங்குது” என்றேன். எனக்குத் தோற்றுப்போகிற பேச்சு பிடிக்காது.

என் பெயர் ஆரோக்கியசாமி. கடலூர் முதுநகர்க்காரன். இருபத்திரண்டு வருடம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பைப் ஃபிட்டராக இருந்தேன். அதன்பின் நீண்ட கம்பத்தில் தண்ணீர் ஏற்றி, கீழே நின்றபடியே மாடிக் கண்ணாடி கழுவும் தொழிலுக்கு வந்தேன். இப்போது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. அதனால் கம்பம் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டு ரிப்பேர் மட்டும் பார்க்கிறேன். பாண்டிச்சேரி, விழுப்புரம் பக்கமெல்லாம் இந்தக் கம்பம் வாங்கியவர்கள் போன் போட்டு, “அண்ணே, தண்ணி வரல” என்கிறார்கள். வால்வா, கனெக்டரா, ஹோஸா என்று பாதிப்பேருக்குப் போனிலேயே சொல்லிச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் என் மூக்கு உடைந்த ஒரே ஒரு நாளை எழுதினால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு விஷயம் மண்டையில் ஏறும் என்று தோன்றுகிறது. அதனால் இது.

அன்றைக்கு என்னோடு இருந்தவன் பிரகாசம். என் மனைவி லூர்துவின் தம்பி. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், அந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தான். வண்டி, டேங்க், பம்ப், ஹோஸ் எல்லாம் அவன் பொறுப்பு. கம்பமும் அதில் உள்ள வால்வும் ஃபிட்டிங்கும் என் பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினை நாங்கள் முதல் மாதமே பேசி வைத்துக்கொண்டது.

மருத்துவமனைக்கு மெயின்டனன்ஸ் பார்த்தவர் மலர்விழி மேடம். காலையில் நாங்கள் வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டார்: “வருஷம் முழுக்க மாசத்துக்கு ஒரு தடவ சுத்தம் பண்ண ஆள் வேணும். இன்னிக்கி நீங்க செய்றதப் பாத்துட்டு முடிவு பண்றன்.”

எங்களுக்கு அதுவரை வருடக் கணக்கில் வேலை யாரும் தந்ததில்லை. இன்றைக்கு ஒரு கடை, அடுத்த வாரம் ஒரு ஷோரூம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். அதனால் இந்த வேலை எங்கள் இருவருக்கும் ரொம்ப முக்கியம்.

2. தண்ணீர் போகிற வழி

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வண்டியில் டேங்க். அதன் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப். பம்பின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி. அங்கிருந்து நீளமான ஹோஸ். ஹோஸ் முனையில் சட்டென்று மாட்டிக் கழற்றும் கனெக்டர். அது கம்பத்தின் அடியில் இருக்கும் சின்ன வால்வில் மாட்டும். வால்விலிருந்து கம்பத்துக்குள்ளேயே ஒரு மெல்லிய ட்யூப் ஏறி, உச்சியில் பிரஷ்ஷில் இருக்கும் இரண்டு ஜெட் வழியாகக் கண்ணாடியில் அடிக்கும். ஒரு இடம் முடிந்து அடுத்த இடத்துக்கு நகரும்போது வால்வை மூடிக்கொள்ளலாம். தண்ணீர் வீணாகாது.

இதில் தண்ணீர்தான் எல்லாம். சோப்பு கிடையாது, துணி கிடையாது. கழுவிவிட்டு அப்படியே விட்டுவிடுவோம், தானாகக் காய வேண்டும். தண்ணீரில் உப்பு இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். எங்கள் முதுநகரில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அதனால் வீட்டிலேயே ஃபில்டர் போட்டு உப்பை முழுக்க எடுத்துவிட்டுத்தான் டேங்கை நிரப்புவோம். உப்பு எவ்வளவு என்று காட்ட பேனா மாதிரி ஒரு மீட்டர் உண்டு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதல் நாளே எங்களுக்கு ஒரு கூத்து நடந்தது. கடலூரில் ஒரு பர்னிச்சர் ஷோரூம். கம்பத்தின் வால்வை மூடிவிட்டு, அடுத்த ஜன்னலுக்கு எந்தப் பக்கமாகப் போவது என்று பிரகாசத்தோடு வாதம் பண்ணிக்கொண்டு நின்றேன். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குப் போக வழி இல்லை. நான் போட்டிருந்த இணைப்பு ஒன்று பிடுங்கிக்கொண்டு, ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளி, கடை மேனேஜரை இஸ்திரி போட்ட சட்டையோடு குளிப்பாட்டிவிட்டது.

“நீங்க கண்ணாடிய கழுவ வந்தீங்களா, என்னைக் கழுவ வந்தீங்களா?” என்றார் அவர்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. கெமிக்கல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடத்தில் என் இணைப்பு ஒன்றுகூடக் கசிந்ததில்லை. அங்கே கசிந்தால் சட்டை நனைகிற கதை இல்லை, ஆசிட் அடித்துக் கண் போய்விடும். திருகு இழை போட்ட எந்த ஃபிட்டிங்கானாலும் அதன்மேல் வெள்ளை டெஃப்ளான் டேப் சுற்றித்தான் முறுக்குவோம். மற்ற ஃபிட்டர்கள் ஏழெட்டுச் சுற்று சுற்றுவார்கள். நான் பதினாலு. “ஆரோக்கியம் போட்ட ஜாயின்ட் அவன் செத்தாலும் கசியாது” என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார். அந்தப் பேரோடு வந்தவனுக்கு ஒரு பர்னிச்சர் கடையில் இந்த மரியாதை. அன்றிலிருந்து கம்பத்தில் எந்த ஃபிட்டிங்கைக் கழற்றிப் போட்டாலும் பதினாலு சுற்று. கை தானாகச் சுற்றும், நான் எண்ணக்கூடத் தேவையில்லை.

பிரகாசமும் ஒரு தடவை தப்பு பண்ணினான். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடை. பாதியில் டேங்க் காலியாகிவிட, கடையின் போர் குழாயிலிருந்தே கொஞ்சம் பிடித்து ஊற்றி வேலையை முடித்துவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை ஓனர் போனில் கத்தினார்: “யோவ், கண்ணாடிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குய்யா!” போய் முழுக்கத் திரும்பக் கழுவிக் கொடுத்தோம். நான் அவனைத் திட்டாத திட்டு இல்லை. அதன்பிறகு தினமும் காலையில் டேங்க் நிரப்பியதும் மீட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டி, “மாமா, ரீடிங் பாருங்க” என்பான். பார்த்த பின்தான் வண்டியை எடுப்பான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இந்த இரண்டு சங்கதியும் சேர்ந்துதான் சிதம்பரத்தில் என்னைக் கவிழ்த்தன.

3. நான் தேடிய இடமெல்லாம்

தண்ணீர் நின்றதும் கம்பத்தை இறக்கினேன். கீழே வைத்துச் சோதிக்கும்போது பம்பை முழு வேகத்தில் விடமாட்டோம், சுற்றி நிற்பவர்கள் நனைந்துபோவார்கள். பிரகாசம் வேகத்தைக் குறைத்தான். ஜெட்டில் தண்ணீர் அழகாக வந்தது. சரி, ஏதோ காற்று அடைத்திருக்கும் என்று கம்பத்தை நிமிர்த்தினேன். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏற வேகம் வேண்டும். “கூட்டு” என்றேன். கூட்டினான். நின்றுவிட்டது. கன்ட்ரோலரில் அடைப்பு என்று விளக்கு மினுக்கியது.

இறக்கினால் வருகிறது. ஏற்றினால் நிற்கிறது. மூன்று தடவை இதே கதை.

ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று வண்டிவரை நடந்து பார்த்தேன். எவனாவது டூவீலரை அதன்மேல் ஏற்றி நிறுத்தியிருப்பான் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கனெக்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தேன், நன்றாகத் துள்ளியது. பிரஷ்ஷின் இரண்டு ஜெட்டையும் ஊசி விட்டுக் குத்தினேன். துளி அழுக்கு இல்லை. கம்பத்து வால்வைத் திருப்பிப் பார்த்தேன், முழுக்கத் திறந்துதான் இருந்தது. அந்த வால்வு புத்தம் புதியது. முந்தின நாள்தான் பழையதைக் கழற்றிவிட்டு என் கையாலேயே போட்டேன். அதனால் அதைத் திருப்பிப் பார்த்ததோடு விட்டுவிட்டேன், கழற்றவில்லை.

மணி பன்னிரண்டரை. கோதண்டம் இரண்டாவது பீடியையும் முடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மலர்விழி மேடம் கையில் கிளிப் அட்டையோடு இறங்கி வந்தார்.

“என்ன சார், ஒரு மணி நேரமா ஏத்துறீங்க, எறக்குறீங்க? மூணு மணி பந்தல் வேலைய தள்ளிப்போட முடியாது. நல்ல நேரம் பாத்து கால் ஊனுறாங்க.”

“ஒரு அஞ்சு நிமிஷம் மேடம்.”

“இதையேதான் பதினொன்றரைக்கும் சொன்னீங்க.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். தண்ணீர் கீழே வருகிறது, மேலே ஏறவில்லை. அப்படியென்றால் பம்புக்கு மூச்சு இல்லை. பம்பின் உள் வால்வில் உப்பு படிந்தால்தான் இப்படி ஆகும். உப்பு எங்கிருந்து வரும்? எனக்கு மஞ்சக்குப்பம் ஜவுளிக்கடைதான் ஞாபகம் வந்தது.

“பம்ப் போச்சு” என்றேன். “போர் தண்ணிய புடிச்சி ஊத்தி உப்பு ஏறிப்போச்சு. எத்தினி நாளா இந்த வேலையப் பாக்கற நீ?”

பிரகாசம் வண்டிப் பக்கம் போனான். மீட்டரை எடுத்து, டேங்கில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து, அதில் முக்கி என்னிடம் நீட்டினான். இரண்டு என்று காட்டியது. சுத்தமான தண்ணீர்.

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

“மீட்டரும் உன் கைலதான இருக்கு” என்றேன். “காலைல எனக்கு காட்டுறது ஒன்னு, ஊத்துறது ஒன்னுன்னு எவனுக்குத் தெரியும்?”

மேடம் காதில் அது விழுந்தது. கோதண்டமும் அவருடைய ஆட்கள் நாலு பேரும் கேட்டார்கள். பிரகாசத்தின் முகம் சுண்டிப்போய்விட்டது. வண்டிச் சாவியை எடுத்து என் டூல் பாக்ஸ் மேல் வைத்தான்.

“மாமா, நான் இத்தோட நின்னுக்கறன். பாண்டிச்சேரில வேன் ஓட்ட கூப்புட்டுக்கினேதான் இருக்காங்க. இந்தக் கண்ணாடிய மட்டும் முடிச்சிட்டுப் போறன். பாதில வுட்டுட்டுப் போனா அக்காவுக்கு அசிங்கம்.”

அவனைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் “போனா போ” என்றுதான் வாயிலிருந்து வந்தது.

4. வேகத்தைக் குறைத்தால்

நான் பம்பைக் கழற்ற ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு காரியம் செய்தான். கம்பத்தை மேலே நிமிர்த்தியபடியே கோதண்டத்தின் ஆள் ஒருவரிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, கன்ட்ரோலர் பக்கம் போய் வேகத்தைக் குறைத்தான். மூன்றாம் மாடியில் தண்ணீர் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்தது. கூட்டினான், நின்றது. குறைத்தான், மறுபடி வந்தது.

“மாமா, இங்க பாருங்க” என்றான். அந்தக் கோபத்திலும் மாமா என்றுதான் கூப்பிட்டான். “பம்புல மூச்சு இல்லன்னா கொறைச்சப்ப மேல ஏறவே கூடாது. இது ஏறுது. வேகமா வுட்டாத்தான் நிக்குது. வழில ஏதோ ஒன்னு கதவாட்டம் சாத்திக்கிது. தண்ணி தள்ளுற தள்ளுல சாத்திக்கிது, மெதுவா வுட்டா தொறந்துக்கிது.”

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒவ்வொரு தடவையும் கம்பத்தை இறக்கியதும் வேகமும் குறைந்தது. தண்ணீர் வந்ததற்கு உயரம் காரணமில்லை, வேகம்தான் காரணம். இரண்டையும் ஒன்றாக மாற்றி மாற்றி என்னை நானே குழப்பிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது எந்த ஃபிட்டருக்கும் தெரிந்த பால பாடம்.

“நேத்து புது வால்வு போட்டீங்களே, அதக் கழட்டிப் பாருங்க” என்றான்.

“என் கை பட்ட எடத்துல கோளாறு வராது.”

“கழட்டித்தான் பாருங்களேன். என் தண்ணிய நான் காட்டல?”

அவன் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கழற்றினேன். வண்டிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்து, இரண்டு ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். வால்வின் வாயை விரல் நுனியால் தடவியதும் வழவழப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். வெள்ளை டேப். நாக்கு நீளத்துக்கு வந்தது.

அந்த வால்வில் மொத்தமே மூன்றரை இழை. முனையில் இருக்கும் முதல் இழையைக்கூட வெறுமனே விடாமல் அதில் நான் பதினாலு சுற்று சுற்றியிருக்கிறேன். இடம் போதாமல் டேப் முனையைத் தாண்டி உள்ளே பிதுங்கி, காலை முழுக்கத் தண்ணீர் அடித்ததில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தொங்கியிருக்கிறது. தண்ணீர் மெதுவாகப் போனால் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். வேகமாக வந்தால் மடங்கி, துவாரத்தை அப்படியே மூடிவிடும். நான் “கூட்டு, கூட்டு” என்று சொல்லச் சொல்ல அது இன்னும் இறுக்கிச் சாத்தியிருக்கிறது. இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. அதற்கு டேப்பே தேவையில்லை. கெமிக்கல் கம்பெனியில் பெரிய இரும்புக் குழாய்களோடு பழகிய கை, விரல் பருமன்கூட இல்லாத வால்வில் அதே வேலையைக் காட்டியிருக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வந்த எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

“என்னா மாமா?” என்று வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

டேப்பைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். “தூசி மச்சான். ஏதோ தூசி” என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டேப் இல்லாமல் வாஷரோடு வால்வைப் போட்டேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. முழு வேகம் வைத்ததும் இரண்டு ஜெட்டும் பிய்த்துக்கொண்டு அடித்தன. மணி ஒன்று. அதன்பிறகு சாப்பாடு, தண்ணீர் எதுவும் இல்லை. நான் மேலிருந்து கீழாக ஒரு வரிசை கழுவினால் அவன் கம்பத்தை வாங்கி அடுத்த வரிசை கழுவினான். மூன்று மணிக்குக் கோதண்டம் இடது ஓரத்தில் கால் ஊன ஆரம்பித்தபோது நாங்கள் வலது ஓரத்தில் இருந்தோம். அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் ஊன்றினார், எங்களுக்காக. மூன்றே காலுக்குக் கடைசிக் கண்ணாடி முடிந்தது.

மேடம் கேட்வரை நடந்து போய்த் திரும்பி நின்று பார்த்தார். பக்கவாட்டில் நின்றும் பார்த்தார். “நல்லா இருக்கு. அடுத்த வாரம் வாங்க, வருஷத்துக்கு பேப்பர் போட்ருவோம்” என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, “ஆனா ஒன்னு சார். தண்ணி விஷயத்துக்கு அவர வெச்சுக்காதீங்க, வேற ஆளப் போடுங்க. கண் ஆஸ்பத்திரி இது. கண்ணாடில உப்பு நின்னா எங்க பேர்தான் கெடும்” என்றார்.

பிரகாசம் நாலடி தள்ளி ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் கை ஒரு வினாடி நின்றது.

“சரிங்க மேடம்” என்றேன் நான்.

5. புதுச்சத்திரத்தில் டீ

வண்டியை அவன்தான் ஓட்டினான். சாவியை நான் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டினோம். பைக்குள் அந்த டேப் உருண்டை எனக்குக் குத்திக்கொண்டே இருந்தது. பஞ்சு மாதிரி மெத்தென்ற சாமான், அது எப்படிக் குத்தும் என்று கேட்காதீர்கள், குத்தியது.

ஊருக்குப் போகிற வழியில் புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். தம்ளரை வைத்துவிட்டு, பையிலிருந்து அதை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

“தூசி இல்ல மச்சான். இதுதான்.”

அவன் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு அங்கியே தெரியும். தூசி எடுத்தவரு அத தரைல போடாம எதுக்கு பாக்கெட்டுல வெச்சிக்கினீங்க?” என்றான்.

“தப்பு எம்மேலதான். கோவத்துல பேசிட்டன். நீ பாண்டிச்சேரிக்கெல்லாம் போவாத.”

“எங்கிட்ட சொல்லி என்னா மாமா பிரயோஜனம்? எனக்கென்னமோ நான் உப்புத்தண்ணி ஊத்துனன்னு சந்தேகமா? யாருகிட்ட சொன்னீங்களோ அவுங்களாண்ட சொல்லுங்க.”

“சொல்லிடறன். மேடம் நம்பர் இருக்குது, இப்பவே போன் போடறன்.”

“அத்தினி பேருக்கு முன்னாடி நேர்லதான சொன்னீங்க?”

எனக்கு மறுபடி சுள்ளென்று வந்தது. நானும் ஐம்பது தாண்டியவன். இத்தனை தூரம் வந்த பிறகு திரும்பிப் போய் நாலு பந்தல்காரர்கள் முன்னால் என் மானத்தை நானே ஏலம் விடணுமா? தவிர, மேடம் இன்னும் பேப்பரில் கையெழுத்துப் போடவில்லை. என் தப்பு என்று தெரிந்தால் வருட வேலை போய்விடலாம். அதை அவனிடம் சொல்லவும் செய்தேன்.

“போனா போவட்டும். பேப்பரு உங்க பேர்லதான் போடப்போறாங்க. எம் பேரு என்னாவாச்சு?” என்றான்.

டேப் உருண்டையை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டேன். மீதி டீயைக் குடித்தேன். “வண்டியத் திருப்பு” என்றேன்.

நாங்கள் போய் நின்றபோது பந்தல் பாதி எழும்பியிருந்தது. கோதண்டம் ஏணிமேல் இருந்தார். “என்னா தலைவரே, மறுபடியும் நின்னுபோச்சா?” என்றார்.

“எறங்கி வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்” என்றேன். மேடத்தையும் கூப்பிட்டேன். பிரகாசம் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் எல்லோர் முன்னாலும் டேப்பை உள்ளங்கையில் விரித்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, பம்பில் குறை இல்லை, நான் போட்ட வால்வில் நான் சுற்றிய டேப், அதைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை, அவன், அதைத் தூசி என்று சொல்லி மறைத்ததும் நான்தான் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போது காது மடல் சுட்டது.

மேடம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எங்க ரெண்டு மணி நேரம் வீணாப்போனது உங்களாலதான்.”

“ஆமாங்க.”

“அவரால இல்ல.”

“இல்லீங்க. அவரு இல்லன்னா இன்னும் நான் பம்ப கழட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பன்.”

கிளிப் அட்டையைத் திருப்பினார். “வேலைக்கு பொறுப்புன்னு ஒருத்தர் பேர் எழுதணும். கோளாறுன்னா நான் அவருக்குத்தான் போன் பண்ணுவேன்.” வண்டிப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அவர் முழுப்பேர் என்ன?”

“ஞானப்பிரகாசம்.”

எழுதிக்கொண்டார். “உங்க பேரும் இருக்கட்டும். கீழ போட்டுக்கறேன்” என்றார். கோதண்டம் சிரிப்பை அடக்க முடியாமல் ஏணிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

6. டூல் பாக்ஸ்

வீட்டில் லூர்து விடவில்லை. “என் தம்பிய ஊர் முன்னாடி திருடன்னு சொன்னீங்களாமே?”

“திருடன்னு சொல்லல.”

“மீட்டர்ல ஒன்னு காட்டிட்டு வேற தண்ணி ஊத்துறான்னா அதுக்குப் பேர் என்னா?”

மூன்று நாள் எனக்குச் சாப்பாடு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

பாண்டிச்சேரி என்ன ஆயிற்று என்று நான் பிரகாசத்தைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சிதம்பரம் போய் வந்த மறுநாளே காலை ஆறு மணிக்கு டேங்க் நிரம்பும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். வழக்கம்போல மீட்டரை நீட்டினான்.

“வேணாம் மச்சான். நீ பாத்தா போதும்” என்றேன்.

“அதெல்லாம் இல்ல. பாருங்க. நாளைக்கி மறுபடி தண்ணி நின்னா என்னத்தான் சொல்லுவீங்க.” பார்க்க வைத்துவிட்டுத்தான் விட்டான். பிறகு என் டூல் பாக்ஸைத் திறந்தான். உள்ளே கிடந்த நாலு டேப் சுருளையும் எடுத்துத் தன் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். “இனிமே இது எம் பொறுப்பு. வேணும்னா கேளுங்க.”

இருபத்திரண்டு வருட ஃபிட்டரிடம் இப்படி ஒருத்தன் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் டூல் பாக்ஸை மூடி வண்டியில் ஏற்றினேன்.

இப்போது மாதா மாதம் சிதம்பரம் போகிறோம். அங்கே கோளாறு என்றால் அவனுக்குத்தான் போன் வருகிறது. எனக்குப் போன் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீர் நின்றால் முதலில் கடைசியாகக் கை வைத்த இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். அது நீங்களே போட்டதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கழற்றுங்கள். வேகத்தையும் உயரத்தையும் ஒன்றாக மாற்றாதீர்கள். அதுவரை பக்கத்தில் நிற்பவனைத் திட்டாதீர்கள்.

இந்த வாரம்கூட ஒரு ஃபிட்டிங் மாற்ற வேண்டியிருந்தது. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினேன். பிரகாசம் பாக்கெட்டுக்குள் கையை விட்டான், எடுக்கவில்லை.

“எத்தினி சுத்து மாமா?”

“மூணு.”

“உள்ள வாஷர் இருக்கா பாத்தீங்களா?”

“பாத்தன், இல்ல.”

“மொத இழை?”

“வுட்டுட்டுத்தான் சுத்துவன்.”

அதன் பிறகுதான் கொடுத்தான். கொடுத்துவிட்டு, நான் சுற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று எண்ணினான்.